இடது தோள் கன்றியது

அத்தியாயம் 8

"துப்பாக்கி தன்னை வெச்சிருக்கிறவனை எங்கே அடிக்கும், வெனியமீன்?"

கடைக்காரர் வெனியமீன் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி பிடித்த கை நின்றது.

"என்ன கேள்வி இது, அக்லாயா மிரோனொவ்னா?"

"சுட்டா பின்னால ஒரு உதை வருமே. அது எங்கே விழும்?"

"வலது தோள்ல. பள்ளிக்கூடப் பசங்களுக்குக்கூடத் தெரியும்."

"ரோத்யா, எனக்கு ஒரு நாற்காலி போடு. இவர் கொஞ்ச நேரம் பேசப் போறார்."

ரோடியோன் நாற்காலியை இழுத்துப் போட்டான். முன்னாள் டாக்ஸி டிரைவர். இப்போது துப்பறியும் மிரோனொவ்னாவுக்கு வண்டி ஓட்டுவான், ஆள் தேடுவான், யாரும் கேட்காத கருத்துகளைச் சொல்வான். மூன்றாவது வேலைக்குத்தான் அவன் சம்பளம் வாங்குவதில்லை.

"மிரோனொவ்னா உக்காந்துட்டாங்கன்னா உண்மை வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க," என்றான் கடைக்காரரிடம். "முழங்கால் வலி வேற. சீக்கிரம் சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லது."

லுகோவெட்ஸ் ஊரில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. வேட்டைக்காரர் சங்கத் தலைவர் ப்ரோகோர் சவேலியெவிச், வாத்து வேட்டை களைகட்டியிருந்த நேரத்தில், சதுப்பு ஓரத்து வாய்க்கால் பக்கம் மார்பில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார். அருகில் அவருடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதன் குழல் அளவு பதினாறு போர். காயத்துக்குள் கிடைத்த, தோட்டாவுக்குள் அடைக்கும் தக்கையோ பன்னிரண்டு போர் அளவு. அப்படியானால் சுட்டது வேறு துப்பாக்கி, வேறு ஆள்.

புலனாய்வு அதிகாரி ஷுபின் அதிகம் யோசிக்கவில்லை. ப்ரோகோரின் மகன் கிளிமிடம் பன்னிரண்டு போர் இருந்தது. அப்பனும் மகனும் பேசி மூன்று வருஷமாகிறது. சம்பவத்தன்று காலை சதுப்புக்குப் போகும் சாலையில் கிளிமின் வண்டியைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். செத்தவரின் இடது தோள் கன்றியிருந்தது, ஆகவே இருவரும் கட்டிப் புரண்டிருக்க வேண்டும். செத்தவரின் கண்கள் மூடப்பட்டு முகத்தில் தொப்பி வைக்கப்பட்டிருந்தது, ஆகவே கொன்றவன் மகனாகத்தான் இருக்க வேண்டும். திங்கட்கிழமை கைது செய்வதென்று முடிவாகிவிட்டது.

ப்ரோகோரின் மனைவி உஸ்தீன்யா மிரோனொவ்னாவைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். "புருஷனைப் புதைச்சாச்சு," என்றாள். "பிள்ளையையும் தூக்கிட்டுப் போயிட்டா நான் யாருக்கு சூப் வைக்கிறது?" மிரோனொவ்னா அவளை உட்காரவைத்து, கணவரின் கடைசி நாட்களைப் பற்றி மெல்லக் கேட்டார். அந்தப் பேச்சுதான் அவரை இந்தத் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுவந்திருந்தது.

கடைக்கு இரண்டு சுவர்கள். ஒன்றில் துலாவிலும் இஷெவ்ஸ்கிலும் செய்த உள்நாட்டுத் துப்பாக்கிகள். எதிர்ச்சுவரில் இத்தாலி, ஜெர்மனி, துருக்கி. நடுவே ஒரு நீள பெஞ்சு.

"ப்ரோகோர் அந்த பெஞ்சுலதானே உக்காருவார்?"

"நம்மூரு சுவத்துப் பக்கமா," என்றார் வெனியமீன். முகம் கொஞ்சம் இளகியது. "எவனாவது வெளிநாட்டுச் சுவர் பக்கம் நகர்ந்தா போதும், ஆரம்பிச்சுடுவார். 'ஏம்பா, நீ வேட்டைக்குப் போறியா, கல்யாணம் கட்டிக்கப் போறியா? அவளைச் சேத்துல இறக்குவியா, இல்ல இடுப்புலயே தூக்கிட்டுத் திரிவியா?'ம்பார். 'நம்ம துப்பாக்கி ஆத்துல விழுந்தா எடுத்து உதறிட்டுச் சுடலாம். பனியில உறைஞ்சா அடுப்புக்கிட்ட காட்டிட்டுச் சுடலாம். உடைஞ்சா நம்ம கொல்லன் தட்டிக் குடுப்பான். அவ உடைஞ்சா யாருக்குக் கடுதாசி போடுவே?'ம்பார். வந்தவன் வெக்கப்பட்டு இஷெவ்ஸ்க் துப்பாக்கியோட போயிடுவான்."

"நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"நானும் விடமாட்டேன். எடை கம்மி, சட்டுனு தோளுக்கு வரும், கை சொன்ன இடத்துல நிக்கும்னு சொல்வேன். 'நிக்கும் நிக்கும், கண்ணாடி முன்னால'ன்னு சிரிப்பார். எத்தனையோ வியாபாரத்தைக் கெடுத்தவர். ஆனா அவர் இல்லாத பெஞ்சைப் பார்க்க முடியல."

"அவர் வலதுகைக்காரர்தானே?"

"ஆமா."

"இடது தோள் கன்றிக் கிடந்தது. ஷுபின் அதைச் சண்டைன்னு எழுதிட்டார். ஆனா அந்தத் தோளுக்கு உஸ்தீன்யா தினமும் வாத்துக் கொழுப்புத் தடவி விட்டிருக்கா. சாகறதுக்கு எவ்வளவோ முன்னாலேர்ந்தே. படகு இடிச்சிடுச்சுன்னு சொன்னாராம். ஒரு படகு தினமும் ஒரே இடத்துலயா இடிக்கும்?"

வெனியமீன் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"படகுக்கு அவர் மேல ஏதோ கோபம் போல," என்றான் ரோடியோன்.

மிரோனொவ்னா கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு நீங்க என்ன வித்தீங்க, வெனியமீன்?"

வெனியமீன் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "சத்தியம் வாங்கிட்டார்."

"செத்துப்போனவருக்குக் குடுத்த சத்தியம். உயிரோட இருக்கிற அவர் பையன் திங்கட்கிழமை உள்ளே போறான்."

வெனியமீன் பெஞ்சில் உட்கார்ந்தார். "கூட்டமில்லாத நாளாப் பார்த்து வந்தார். கதவை அவரே உள்பக்கம் தாழ் போட்டார். 'இத்தாலித் தானியங்கி ஒண்ணு வேணும். இடதுகைக்காரனுக்குச் செஞ்சது'ன்னார். எனக்குக் காதே அடைச்சுப்போச்சு."

"இடதுகைக்காரனுக்குன்னா?"

"தோள்ல முட்டுக்குடுக்கிற கட்டையோட வளைவு மாத்தி இருக்கும். சுட்ட உடனே காலித் தோட்டாக் கூட்டை அதுவே வெளியே துப்பிட்டு அடுத்த தோட்டாவை ஏத்திக்கும். வயித்துல நாலஞ்சு தோட்டா வாங்கும். மத்ததெல்லாம் கூட்டை வலப்பக்கம் துப்பும். இது இடப்பக்கம். என் கடைக்கு வர்ற நம்மூரு சரக்குல அப்படி ஒண்ணு வந்ததே இல்ல. தேடித்தான் வரவழைச்சேன். கையில வாங்கினப்போ, 'நம்ம ஆளுங்க இடதுகைக்காரனை மறந்துட்டாங்க, வெனியா'ன்னார். யாருக்குன்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னுட்டார்."

"எத்தனை போர்?"

"பன்னிரண்டு."

ரோடியோன் மிரோனொவ்னாவைப் பார்த்தான்.

"பதிவுக்குக் கெடு இன்னும் முடியல. அதான் போலீஸுக்குத் தெரியாது," என்றார் வெனியமீன். "அவங்க வந்தப்போ கிளிமோட துப்பாக்கியைப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க. இதைச் சொன்னா சங்கமே சிரிக்கும். செத்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கறதான்னு இருந்துட்டேன்."

*

ரோடியோனின் பழைய ஜீப்பில் கதவைச் சாத்தவே ஒரு தனி முறை உண்டு. சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவன் வண்டியைக் கிளப்பவில்லை.

"மிரோனொவ்னா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. காணாமப்போன பன்னிரண்டு போர் துப்பாக்கி. இடதுகைக்காரனுக்குச் செஞ்சது. நம்ம கிளிமுக்கு மர அறுவை மில்லுல வலது கை விரல் ரெண்டு போச்சு. சுட்டா இடது கையிலதான் சுடணும். அவனைக் காப்பாத்தறோம்னு வந்து கயிறு திரிச்சு ஷுபின் கையில குடுத்திருக்கோம்."

"தோள் யாருடையது கன்றிச்சு?"

"அப்பாவோடது."

"அப்போ சுட்டது யாரு?"

ரோடியோன் யோசித்தான். "அப்பாவா? வலதுகைக்காரர் எதுக்கு இடது தோள்ல வெச்சு தினமும் உதை வாங்கணும்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் கிளிம் வீட்டுக்குப் போறோம். வண்டியை எடு."

கிளிம் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாரி இடது கையில். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. மிச்ச விரல்களால் கட்டையை நிறுத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டு ஒரே போடு. இவர்களைப் பார்த்தும் அவன் நிறுத்தவில்லை.

"இன்னும் திங்கட்கிழமை வரலையே," என்றான்.

"குளிர்காலத்துக்கு அம்மாவுக்கு விறகு சேக்கறியா?"

"நான் இல்லாட்டி யாரு பிளப்பாங்க."

மிரோனொவ்னா பிளந்த விறகின் மேல் உட்கார்ந்தார். "அன்னிக்குக் காலையில நீ அந்தச் சாலையில என்ன பண்ணினே? ஷுபின்கிட்ட சொல்லாததைச் சொல்லு."

கிளிம் கோடாரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினான். "அப்பா போன் பண்ணினார். மூணு வருஷத்துல முதல் தடவை. 'ஞாயித்துக்கிழமை வேட்டைக் குடிசைக்கு வா, ஒரு சாமான் காட்டணும்'னார். என்ன சாமான்னு கேட்டேன். வந்து பாருன்னார்."

"போனியா?"

"பாதி வரைக்கும். குடிசைக்குப் பிரியற இடத்துல வண்டியை நிறுத்தினேன். என்ன சாமான் இருக்கப்போவுது, மறுபடி அதே பிரசங்கம்தான். அவர் சிநேகிதர் ஸகார் மாமா பக்கத்துல உக்காந்து தலையாட்டுவார். கேக்கத் தெம்பில்ல. திரும்பிட்டேன்."

"ஷுபின்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பா கூப்பிட்டு, பாதி வழி போயிட்டுத் திரும்பி வந்தேன்னு எப்படிச் சொல்றது? அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா."

மிரோனொவ்னா கேட்டார். "மூணு வருஷம் பேசாம இருக்க என்ன நடந்தது?"

"விரல் போச்சே, அந்த வருஷம். சங்கத்துல பாட்டிலை வரிசையா வெச்சுச் சுட்டுட்டிருந்தாங்க. அப்பா என் துப்பாக்கியை என் இடது கையில திணிச்சார். 'கத்துக்கோடா, கை போனா வேட்டை போகணுமா'ன்னார். வலதுகைக்காரனுக்கு வளைச்ச கட்டை அது. கன்னத்துல வந்து அடிச்சு உதடு கிழிஞ்சுது. ஒரு பாட்டிலும் விழல. எல்லாரும் சிரிச்சாங்க." கிளிம் கோடாரியைப் பிடுங்கினான். "அவரும் சிரிச்சார். அது போதும்னு ஆயிடுச்சு."

அடுத்த கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. ரோடியோன் அதை எடுத்து அடுக்கில் வைத்தான்.

"சட்டையைப் போட்டுட்டு வா," என்றார் மிரோனொவ்னா. "சதுப்புக்குப் போறோம். இந்தத் தடவை முழு வழியும்."

*

செப்டம்பர் மழையில் சதுப்பு ஊதிப்போயிருந்தது. பாசி மெத்தைகளில் குருதிநெல்லிப் பழம் சிவந்து கிடந்தது. இந்த வருஷம் யாரும் பறிக்க வரவில்லை. கிளிம் பாதையிலேயே நின்றுவிட்டான். வாய்க்காலின் மேல் போட்டிருந்த மரத்தண்டைத் தாண்டி அவன் வரவில்லை, அவனை யாரும் கூப்பிடவும் இல்லை.

தண்ணீரோரம் நாணலை வளைத்துக் கட்டிய மறைவிடம் இருந்தது.

"நில்லு, ரோத்யா. வாத்தைக் குறி பார்க்கிற மாதிரி நில்லு. இடது தோள்ல."

ரோடியோன் ஒரு குச்சியைத் தோளில் வைத்தான். "எங்க அம்மா இப்போ என்னைப் பார்த்தா டாக்ஸியே ஓட்டுடான்னு சொல்லியிருப்பா."

"இப்போ காலிக் கூடு எந்தப் பக்கம் பறக்கும்?"

"இடப்பக்கம்."

"போய்த் தேடு. ஷுபின் ஆளுங்க உடம்பு கிடந்த இடத்தைத்தான் அலசினாங்க. இங்கே வந்தவங்களும் வழக்கம்போல வலப்பக்கம் பார்த்துட்டுப் போயிருப்பாங்க."

ரோடியோன் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நாணலின் வேர்களைத் துழாவினான். உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தபோது அவன் கையில் இரண்டு பச்சை நிறக் கூடுகள் வந்தன. பன்னிரண்டு போர்.

"ரெண்டுதான். வேற இல்ல."

மிரோனொவ்னா அவற்றை வாங்கிக்கொண்டு மறைவிடத்தையும், வாய்க்காலையும், அதன் மேல் கிடந்த ஈர மரத்தண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிரோனொவ்னா?"

"இங்கே நின்னு ரெண்டு தடவை சுட்டிருக்கார். அங்கே மரத்தண்டுகிட்ட மூணாவது. அந்தக் கூடு ஷுபினுக்கும் கிடைக்கல. யாரோ எடுத்துட்டாங்க. அதே ஆள்தான் இத்தாலித் துப்பாக்கியையும் எடுத்துட்டு, பழசைக் கொண்டுவந்து பக்கத்துல வெச்சிருக்கான். பழசு எங்கே இருக்கும்?"

"குடிசை இரும்புப் பெட்டியில. உஸ்தீன்யா சொன்னாளே, சாவி ப்ரோகோர்கிட்ட ஒண்ணு, ஸகார்கிட்ட ஒண்ணு."

"ப்ரோகோரோட சாவி அவர் பாக்கெட்டுலயே இருந்தது."

ரோடியோன் காலுறையைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தான். "ஸகாரா? நாப்பது வருஷ சிநேகிதன் சுட்டானா?"

"சுட்டவன் முகத்துல தொப்பியை வைக்க மாட்டான், ரோத்யா. வா."

*

ஸகார் குடிசைக்குள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொதித்து வற்றிப் போயிருந்தது. இவர்களுக்குப் பின்னால் கிளிம் குனிந்து உள்ளே வந்ததைப் பார்த்ததும், எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"மாமா," என்றான் கிளிம். ஸகார் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிரோனொவ்னா இரண்டு பச்சைக் கூடுகளையும் மேஜையில் வைத்தார். "மூணாவதை நீங்க குடுங்க, ஸகார்."

ஸகாரின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. கூட்டை எடுத்து மற்ற இரண்டின் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு எழுந்து, மூலையில் கிடந்த வைக்கோல் மெத்தையைப் புரட்டி, போர்வையில் சுற்றிய நீளமான பொருளை எடுத்துவந்தார். கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜையில் கிடத்தினார்.

"நான் கொல்லல."

"தெரியும். நடந்ததைச் சொல்லுங்க."

"கொஞ்ச நாளாவே என்னைக் குடிசைப் பக்கம் வராதேன்னுட்டான். ஏன்னு கேட்டா எரிஞ்சு விழுந்தான். எனக்கு ரோஷம். அக்கரையில என் படகுலயே வேட்டைக்குப் போயிட்டிருந்தேன். அன்னிக்கு இந்தப் பக்கம் ரெண்டு சத்தம் கேட்டுச்சு. வாத்தெல்லாம் எழும்பிப் பறந்துடுச்சு. கொஞ்சம் கழிச்சு இன்னொரு சத்தம். ப்ரோகோர்னு எனக்குத் தோணவே இல்ல. அவன் துப்பாக்கிக்கு மூணாவது சத்தம் கிடையாதே. வாத்து பறந்த பிறகு அவன் மடக்கித் திறந்து தோட்டா மாத்த மாட்டான். சத்தமும் வேற." அவர் நெற்றியைத் தேய்த்தார். "அப்புறம் வாத்து திரும்ப வந்து மறைவிடத்துக்கு எதிரிலேயே உக்காந்துச்சு. யாரும் சுடல. அது எனக்குப் பிடிக்கல. துடுப்புப் போட்டு வந்தேன்."

கிளிம் சுவரோடு ஒட்டி நின்றான்.

"மரத்தண்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தான். கையில இந்த இத்தாலிக்காரி. குழல் வாய் அவன் நெஞ்சுப் பக்கம். தண்டு வழுக்கிக் கீழே இறங்கியிருக்கான், துப்பாக்கி தண்டு மேல கிடந்திருக்கு. கீழே நின்னு குழலைப் பிடிச்சுத் தன் பக்கம் இழுத்தப்போ விசை எதுலயோ மாட்டியிருக்கு."

"குண்டு போட்ட துப்பாக்கியையா?" என்றான் ரோடியோன். "ப்ரோகோர் சவேலியெவிச்சா?"

"அவனைப் பொறுத்தவரைக்கும் அது காலி," என்றார் ஸகார். "ரெண்டு சுட்டாச்சு. ரெண்டு சுட்டா காலின்னு அவன் கைக்குத் தெரியும். நாப்பது வருஷமா அந்தக் கைக்கு அது மட்டும்தான் தெரியும். இவ வயித்துல இன்னும் இருந்தது."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. மிரோனொவ்னா கண்களை மூடித் திறந்தார். மரத்தண்டுக்கு முன்னால் நின்றபோதே அவருக்கு அது தெரிந்திருந்தது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போதும் வலிக்கத்தான் செய்தது.

"எதுக்கு மாத்தி வெச்சீங்க?"

"அவனை அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? வாழ்நாள் பூரா நம்ம துப்பாக்கி, நம்ம துப்பாக்கின்னு பேசினவன். கடைசியில வெளிநாட்டுக்காரியைக் கட்டிப் பிடிச்சுட்டுச் செத்துக் கிடந்தான்னு சொல்வாங்க. பெஞ்சுல உக்காந்து காலாகாலத்துக்கும் சிரிப்பாங்க." ஸகார் மேஜையில் கையை ஊன்றினார். "எனக்கும் கோபம்தான். என்கிட்டகூட மறைச்சுட்டானேன்னு. ஆனாலும் அவன் பேரு கெடக் கூடாதுன்னு பழசைக் கொண்டுவந்து வெச்சேன். கண்ணை மூடிவிட்டேன். தவறி வெடிச்சதுன்னு எழுதிப் புதைச்சுடுவாங்கன்னு நெனச்சேன். தக்கையைப் பார்ப்பாங்கன்னு எனக்குத் தோணல."

"கிளிமைப் பிடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்கலையே."

"நாளைக்குப் போய்ச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு..." அவர் முதன்முறையாகக் கிளிமை நேராகப் பார்த்தார். "பொய் எதுக்கு. கொஞ்சம் வேகட்டும்னும் நெனச்சேன். மூணு வருஷம் அப்பனை எட்டிப் பார்க்காத பய. அவன் ஒவ்வொரு பண்டிகைக்கும் வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பான். நான்தான் பக்கத்துல இருந்தேன், எனக்குத் தெரியும்."

கிளிமின் பார்வை மேஜைமேல் இருந்த போர்வைக்குப் போனது.

மிரோனொவ்னா போர்வையைப் பிரித்தார். துப்பாக்கி காலிதானா என்று பார்த்துவிட்டு ஸகார் பக்கம் திருப்பினார். "இதைச் சரியாப் பார்த்தீங்களா?"

"பார்க்கவே பிடிக்கல. அப்படியே சுத்தி வெச்சுட்டேன்."

"இப்போ பாருங்க. கூடு எந்தப் பக்கம் வெளியே வரும்?"

ஸகார் கண்ணைச் சுருக்கினார். விரலால் தடவிப் பார்த்தார். கட்டையின் வளைவைத் தடவினார். மறுபடி முதலிலிருந்து தடவினார். பிறகு அந்தக் கிழவரின் வாய் கோணியது.

"இடது கை," என்றார். "இது இடதுகைக்காரனுக்கு."

"உள்நாட்டுச் சரக்குல கிடைக்கல. அதனால கதவைத் தாழ் போட்டுட்டு வெளிநாட்டுச் சுவத்துல வாங்கியிருக்கார்," என்றார் மிரோனொவ்னா. "பையன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னால இடது தோள்ல எப்படிச் சுடறதுன்னு தானே கத்துக்கிட்டிருக்கார். அப்போதானே பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்க முடியும். யார் கண்ணுலயும் படாம கத்துக்கணும்னுதான் உங்களையும் வர வேண்டாம்னார். ஞாயித்துக்கிழமை காட்டறேன்னு சொன்ன சாமான் இதுதான், கிளிம்."

கிளிம் சுவரை விட்டு விலகி மேஜைக்கு வந்தான். மிரோனொவ்னா தன் கையுறைகளைக் கழற்றி அவனிடம் கொடுத்தார்.

"ஒரு நிமிஷம்தான். அதுக்கப்புறம் இது ஷுபினோடது."

வலது கையுறையின் இரண்டு விரல்கள் வெறுமையாகத் தொங்கின. கிளிம் துப்பாக்கியை எடுத்து இடது தோளில் வைத்தான். கட்டை அவன் கன்னத்தில் வந்து பொருந்தியது. தேடவோ நெளியவோ வேண்டியிருக்கவில்லை. வலது கையின் மிச்ச விரல்கள் முன்கட்டையைத் தாங்கின. இடது ஆட்காட்டி விரல் அதன் இடத்தில் போய் நின்றது. குடிசையின் சின்ன ஜன்னல் வழியே, வெளியே எதையும் குறி வைக்காமல், அப்படியே நின்றான்.

"எத்தனை வாத்து அடிச்சார்?" என்று கேட்டான்.

"என்ன?"

"இதை வெச்சு. நீங்க அக்கரையில இருந்தீங்களே. எத்தனை அடிச்சார்?"

ஸகார் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுகூட இல்ல. தினமும் இந்தப் பக்கம் யாரோ சுட்டுட்டே இருந்தாங்க. ஒரு வாத்து விழுந்து நான் பார்க்கல. எவனோ பட்டணத்துக்காரன் வந்திருக்கான், சுடத் தெரியாதவன்னு நெனச்சேன்." அவர் உள்ளங்கையால் முகத்தை மூடினார். "படகுல தனியா உக்காந்துட்டு நல்லா சிரிச்சேன்."

கிளிம் துப்பாக்கியை மேஜையில் வைத்தான். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். பிறகு அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சத்தம் பிறகுதான் வந்தது. அது மூன்று வருஷமாக உள்ளேயே கிடந்த சத்தம்.

ரோடியோன் வெளியே போய்விட்டான். மிரோனொவ்னா போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து விழும் மழையைப் பார்த்தபடி நின்றார்.

அழுகை ஓய்ந்த பிறகு துப்பாக்கியைப் போர்வையில் சுற்றினார். "ஸகார், தடயத்தைக் கலைச்சதுக்கு உங்க மேல வழக்கு வரும். ஷுபின் லேசுல விடமாட்டார்."

"வரட்டும்," என்றார் ஸகார். "சங்கத்துலயும் நானே சொல்றேன், எதுக்கு வாங்கினான்னு. எவன் சிரிக்கறான்னு பார்க்கறேன்."

அவர் எழுந்தார். கதவு வரை போனவர், பஞ்சுச் சட்டையை எடுக்காமல் வெறும் சட்டையோடு படியில் இறங்கப் போனார்.

"இருங்க," என்றான் கிளிம்.

ஆணியில் தொங்கிய பஞ்சுச் சட்டையை எடுத்து விரித்துப் பிடித்தான். ஸகார் கையை நீட்டினார். சட்டைக்கை அகப்படவில்லை. கிளிம் அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே விட்டான். பிறகு மற்றக் கையையும். முன்னால் வந்து நின்று, இருக்கிற விரல்களால் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான்.

"ஷுபின் ரூம்ல குளிரும், மாமா," என்றான்.